அவர் தண்ணீர் கேட்டார்

ஈஸ்டருக்கு முந்திய நோன்புக்காலமான லெந்தின் முதல் ஞாயிறு. ஆராதனை முடிவில் போதகர் அறிவித்தல்களை வாசித்துக்கொண்டிருந்தபோது, பிள்ளையின் காலிலிருந்து கழன்று விழுந்த காலுறையைத் தேடி, நான் உட்கார்ந்திருந்த வாங்குக்குக் கீழே குனிந்திருந்தேன். கணவர் முழங்கையால் மெல்ல இடித்தார். நிமிர்ந்தால் முன்வரிசைப் பெண்கள் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். பெரிய வெள்ளியன்று மும்மணி ஆராதனையில் பேசப்போகிற ஏழு பேரில் ஐந்தாவதாக என் பெயர் வாசிக்கப்பட்டிருந்தது.

வாவிக்கரையில் உள்ள எங்கள் சிறிய சபைக்கு அந்த மூன்று மணி நேரம்தான் வருடத்தின் நடுத்தூண். பெரிய வெள்ளி நண்பகலில் தொடங்கி மூன்று மணி வரை, சிலுவையில் தொங்கியபடி இயேசு சொன்ன ஏழு வார்த்தைகளையும் போதகரும் சபையாருமாக ஏழு பேர் ஒவ்வொன்றாக எடுத்துப் பேசுவார்கள். வழக்கமாக ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர்கள், வங்கியில் இருப்பவர்கள், நன்றாகப் பிரசங்கம் செய்யத் தெரிந்தவர்கள். பிள்ளை பெற்று நான்கு மாதமான ஒருத்தியைக் கேட்டது அதுதான் முதல் தடவை. நான் பள்ளிக்கூடத்தில் தமிழ் படிப்பிக்கிறவள், பிரசவ விடுப்பில் வீட்டில் இருக்கிறவள், மறுக்கமாட்டாள் என்று போதகர் நினைத்திருப்பார். அவர் நினைத்தது சரி. எனக்கு மறுக்கத் தெரியாது.

ஐந்தாம் வார்த்தை ஏழிலும் சிறியது. தாகமாயிருக்கிறேன். அவ்வளவுதான்.

எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. எங்கும் எழுதி வைக்கப்படவில்லை, ஆனால் எல்லோருக்கும் தெரியும். ஒருவருக்கு எந்த வார்த்தை வருகிறதோ, அதை அவர் பேசுவதற்கு முன் லெந்து நாட்களில் கொஞ்சம் வாழ்ந்து பார்க்க வேண்டும். முதலாம் வார்த்தை மன்னிப்பைப் பற்றியது. அது கிடைத்த ஒருவர் முந்திய வருடம், வேலிச் சண்டையில் பேச்சை நிறுத்தியிருந்த அடுத்த வீட்டுக்காரரிடம் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு போனார். மூன்றாம் வார்த்தையில் இயேசு தம் தாயைச் சீடனிடம் ஒப்படைக்கிறார். அது கிடைப்பவர் தன் தாயை, அல்லது யாராவது தனித்திருக்கும் பெண்ணை, அந்த நாட்களில் தன் வீட்டில் வைத்துப் பார்ப்பார். நாலாம் வார்த்தையில் அவர் கைவிடப்பட்டவராகக் கதறுகிறார். அதற்கு என்ன செய்வது என்று யாருக்கும் தெரியாது, அதனால் அதை எப்போதும் போதகரே எடுத்துக்கொள்வார் என்று எங்கள் ஆட்கள் பகிடி சொல்வார்கள். ஐந்தாம் வார்த்தைக்காரர் வெள்ளிக்கிழமைகளில் காலையிலிருந்து மூன்று மணி வரை தண்ணீர் குடிப்பதில்லை.

அன்று வீட்டுக்கு வந்து சேலை மாற்றிக்கொண்டிருந்தபோது மாமி அறை வாசலில் நின்று, "பால் குடிக்கிற பிள்ளையை வச்சிக்கொண்டு இது தேவையோ?" என்றார்.

"ஏலும் மாமி. வெள்ளிக்கிழமையில மட்டும்தானே."

"எனக்கென்ன தெரியும். படிச்ச பிள்ளைக்கு நான் சொல்லியா குடுக்கிற," என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கக் குசினிக்குள் போய்விட்டார்.

மாமி என் கணவரின் தாய். கணவர் வேலை செய்வது பொலன்னறுவையில், வார இறுதிக்குத்தான் வருவார். என் அம்மா செங்கலடியில், எழும்ப முடியாத அப்பாவோடு. ஆகவே பிள்ளை பிறந்ததிலிருந்து வீட்டில் நானும் மாமியும்தான். அவருடைய ஒவ்வொரு வார்த்தையிலும் எனக்கு ஒரு குற்றச்சாட்டு கேட்டது. பிள்ளை அழுதால் அவர் எட்டிப்பார்ப்பார். எனக்குப் பிள்ளை வளர்க்கத் தெரியாது என்கிறார் என்று எடுத்துக்கொள்வேன். எட்டிப்பார்க்காவிட்டால், கோபமாக இருக்கிறார் என்று எடுத்துக்கொள்வேன்.

இனி நான் யாருக்கும் சொல்லாமல் வைத்திருந்ததைச் சொல்ல வேண்டும்.

பிள்ளை நாள் நிறையும் முன்பே பிறந்தவள். ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் சிலகாலம் இருந்துதான் வீட்டுக்கு வந்தாள். எல்லோரும் ஆபத்து முடிந்தது என்று நன்றி சொன்னார்கள். எனக்கு வீட்டுக்கு வந்த பிறகுதான் தொடங்கியது. அவள் தூங்கும்போது மூச்சு வருகிறதா என்று மூக்கின் கீழே விரல் வைத்துப் பார்ப்பேன். வருகிறது என்று தெரிந்து கையை எடுத்த உடனே, சரியாகப் பார்த்தேனா என்று சந்தேகம் வரும், திரும்பவும் வைப்பேன். அவள் தூங்கினாலும் எனக்குத் தூக்கம் வராது. கல்லடிப் பாலத்தால் ஓட்டோவில் போகும்போது, கீழே வாவியைப் பார்த்தால், என் கைகள் தாமாகவே அவளை விட்டுவிடும் என்று ஒரு பயம். அவள் வலித்து அழும் அளவுக்கு இறுக்கிப் பிடிப்பேன். கிணற்றடிக்கு அவளோடு போகவே மாட்டேன். கட்டு உயரமானது, யாரும் விழ முடியாது. ஆனால் அந்தப் பயத்துக்குக் கட்டின் உயரம் கணக்கில்லை. அதனால் அவளைக் குசினிக்குள் பேசினில் வைத்துக் குளிப்பாட்டினேன். மாமி கிணற்றடியில் வெந்நீர் கலந்து வைத்துக் கூப்பிடுவார். "இஞ்ச வச்சே வார்க்கிறன் மாமி," என்பேன். அவர் அந்த வெந்நீரைத் தென்னைக்கு ஊற்றுவார்.

இதை யாரிடம் சொல்வது? என் பிள்ளையைத் தூக்கவே பயப்படுகிறேன் என்று ஒரு தாய் யாரிடம் சொல்வாள்? எனக்குத் தெரிந்த ஒரே பெயரை அதற்குச் சூட்டினேன். இது என் சிலுவை. எங்கள் சபையில் அந்தச் சொல் எதற்கும் பொருந்தும். முழங்கால் வலி சிலுவை. குடிக்கிற மருமகன் சிலுவை. இடமாற்றம் தராத மேலதிகாரியும் சிலுவைதான். சின்ன வயதிலிருந்து நான் படித்தது, சிலுவையைச் சத்தமில்லாமல் சுமக்க வேண்டும் என்பது. அடிக்கப்படும்போது இயேசு வாய் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை. கணவர் ஒவ்வொரு நாளும் தொலைபேசியில், "சாப்பிட்டீங்களா? பிள்ளை நித்திரையா? நீங்க படுத்தீங்களா?" என்று கேட்பார். "ஓம், ஓம், ஓம்," என்று சொல்வேன். என் பெயர் வாசிக்கப்பட்டதை அலுவலகத்தில் எல்லோரிடமும் சொல்லிவிட்டாராம். அந்தக் குரலில் இருந்த சந்தோஷத்தைக் கேட்ட பிறகு வேறெதையும் சொல்ல முடியவில்லை.

இந்த நிலையில்தான் ஐந்தாம் வார்த்தை எனக்கு வந்தது. வெள்ளிக்கிழமைகளில் மட்டும் என்று தொடங்கினேன். முதல் வெள்ளி கஷ்டமாக இல்லை. அது எனக்குச் சமாதானம் தரவில்லை. கஷ்டமாக இல்லையென்றால் அது எப்படி இயேசுவின் பாடுகளில் பங்காகும்? புதன்கிழமையையும் சேர்த்தேன். பிறகு எல்லா நாளும் மத்தியானம் வரை. உண்மையில் என்ன நினைத்தேன் என்றால், நான் கொஞ்சம் கூடுதலாகப் பாடுபட்டால் அந்தப் பயம் என்னை விட்டுப் போகும் என்று. கடவுளோடு நான் பேரம் பேசிக்கொண்டிருந்தேன். அதைப் பக்தி என்று நம்பவும் செய்தேன்.

ஒரு நாள் காலை, வீடு வீடாகப் போய்த் தாய் பிள்ளைகளைப் பார்க்கிற மிட்வைஃப் வந்தார். ஓட்டமாவடிப் பக்கத்திலிருந்து வருகிற முஸ்லிம் பெண், எங்கள் பகுதிப் பிள்ளைகளின் நிறையெல்லாம் அவருக்கு மனப்பாடம். மாமரக் கிளையில் தராசைத் தொங்கவிட்டு, பிள்ளையைத் துணித்தொட்டிலில் போட்டு, முள்ளைப் பார்த்து நாக்கைத் தட்டினார்.

"போன முறை நின்ற இடத்தில்தான் நிற்கிறா," என்றார். பிள்ளையை என் கையில் தந்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். "உங்கட உதடு ஏன் புள்ள இப்பிடி வெடிச்சிருக்கு? தண்ணி குடிக்கிறீங்களா?"

"ஓம் மிஸ்."

"எப்ப?"

நான் யோசித்த நேரமே போதுமானதாக இருந்தது. "பகல் சாப்பாட்டுக்குப் பிறகு," என்றேன்.

"அப்ப காலையில இருந்து இவ குடிக்கிறா, நீங்க குடிக்கிறல்ல. அப்பிடித்தானே?" அவர் சிரித்தார். "எங்கட நோன்பிலயே பால் குடுக்கிற தாய்க்கு விலக்கு இருக்கு புள்ள. விட்டுட்டு மறுகா வேறொரு நாள் பிடிக்கலாம். உங்கட சேர்ச்சில அப்பிடி ஒண்டும் வைக்கல்லையா?"

"சேர்ச்சில யாரும் பிடிக்கச் சொல்லல்ல மிஸ். நானாத்தான்."

"நீங்களாப் பிடிச்சதை நீங்களா விட ஏலாதா?" தராசைக் கழற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டே குரலைத் தாழ்த்தினார். "நித்திரை வருதா உங்களுக்கு?"

மாமி கதவடியில் நின்றார். "வருது மிஸ்," என்றேன்.

அவர் போன பிறகு ஒரு கிளாஸ் தண்ணீர் குடித்தேன். குடித்து முடித்ததும், வாக்கை உடைத்துவிட்டேன் என்று அழுதேன். அடுத்த நாள் அதற்கும் சேர்த்து ஈடு செய்ய நினைத்தேன். ஒரு கிளாஸ் தண்ணீருக்கு இவ்வளவா என்று இதை வாசிக்கிறவர்கள் கேட்கலாம். எனக்கு எல்லாமே அவ்வளவுதான். பள்ளிக்கூடத்தில் விடைத்தாளுக்குப் புள்ளி போட்டுவிட்டு மூன்று தடவை திரும்பக் கூட்டுகிற ஆள் நான்.

பேச்சை ஆயத்தப்படுத்தினேன். பாடுகளின் வரலாற்றை அடுத்தடுத்து வாசித்தபோது ஒரு விஷயம் கண்ணில் பட்டது. சிலுவையில் அறைவதற்கு முன் அவருக்கு ஒரு பானம் கொடுக்கிறார்கள். வலியை மரக்கச் செய்கிற ஏதோ ஒன்று கலந்த திராட்சரசம். ருசி பார்த்துவிட்டு அவர் அதைக் குடிக்க மறுக்கிறார். இதுதான் என் பேச்சின் தலைப்பு என்று முடிவெடுத்தேன். மறுத்தவர். வலியைக் குறைக்கக் கிடைத்த ஒரே வழியையும் வேண்டாம் என்றவர். என் உதட்டு வெடிப்புக்கும் உறக்கமின்மைக்கும் அதில் ஓர் இடம் இருந்தது. நன்றாக எழுதினேன், எதுகை மோனையோடு. கணவருக்கு வாசித்துக் காட்டியபோது அவர், "நல்லா இருக்கு. ஆனா கேட்கப் பயமாயிருக்கு," என்றார். நான் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

பெரிய வெள்ளி வந்தது. சித்திரை வெயில் கூரைத் தகட்டில் ஏறி நின்றது. வாவியில் காற்றே இல்லை. 2019 ஈஸ்டர் ஞாயிறு தேவாலயக் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு எங்கள் ஊர்த் தேவாலயங்களில் வாசலில் பையைத் திறந்து காட்டித்தான் உள்ளே போகிறோம். வாலிபர் சங்கத்துத் தம்பி மாமியின் பைக்குள் கையை விட்டு ஒரு போத்தலைத் தூக்கினான்.

"என்ன அன்ரி இது? இண்டைக்குமா?"

"சீனியும் தேசிக்காயும் போட்ட தண்ணிதான்டா. மூணு மணிக்குப் பிறகு இவ விழுந்தா நீயா தூக்குவாய்? வை உள்ளுக்கு," என்றார் மாமி.

எனக்கு வெட்கமாக இருந்தது. சபையின் முன் என்னைப் பலவீனமானவளாகக் காட்டுகிறார் என்று நினைத்தேன். எனக்காக ஒருவர் எலுமிச்சை பிழிந்து போத்தல் நிறைத்து எடுத்து வந்திருக்கிறார் என்பது அப்போது மனதில் படவேயில்லை.

உள்ளே எல்லோரும் வெள்ளை உடுப்பில். சிலுவை கறுப்புத் துணியால் மூடப்பட்டிருந்தது. மணி அடிக்கவில்லை. முதலாம், இரண்டாம், மூன்றாம் வார்த்தைகள் முடிந்தன. ஒவ்வொன்றுக்கும் இடையே ஒரு பாட்டு, ஒரு மௌனம். நாலாம் வார்த்தையைப் போதகர் பேசியபோது பிள்ளை சிணுங்கத் தொடங்கினாள். மாமி அவளைத் தூக்கிக்கொண்டு பக்கக் கதவால் வெளியே வேம்பின் கீழே போனார். பிறகு என் முறை.

பிரசங்க பீடத்தில் ஏறித் தாள்களை வைத்தேன். மற்ற நாட்களில் அங்கே மூடி போட்ட ஒரு கிளாஸ் தண்ணீர் இருக்கும். அன்று இல்லை. அது இருந்திருந்தால் நான் பார்த்திருக்கவும் மாட்டேன். தொடக்கம் நன்றாகத்தான் போனது. இயேசு மறுத்த அந்தப் பானத்தைப் பற்றிச் சொன்னேன். முன்வரிசையில் இருந்த ஓய்வுபெற்ற அதிபர் தலையை ஆட்டினார். அடுத்த பக்கத்தைத் திருப்பினேன். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. எழுத்துகள் தாளிலேயே இருந்தன, ஆனால் வாய்க்கு வரவில்லை. வெளியே பிள்ளை அழுதாள். பசி அழுகை. அதைக் கேட்டால் வழக்கமாக மார்பு கனத்துப் பால் கசியும். அன்று ஒன்றும் நடக்கவில்லை. என் உடம்பு ஒரு காய்ந்த பானையாக நின்றது.

அப்போதுதான் எனக்குத் தோன்றியது. அந்த முதல் பானத்தை மறுத்தவர் பிறகு, கடைசி நேரத்தில், தாகமாயிருக்கிறேன் என்று கேட்டிருக்கிறார். கேட்டது மட்டுமல்ல, கடற்பஞ்சில் தோய்த்துக் கொடுத்த புளித்த காடியை வாங்கிக்கொண்டார். அது நான் பேச வந்த வார்த்தைக்குள்ளேயே இருந்தது. வாரக்கணக்காக அதை வைத்துக்கொண்டு, அவர் மறுத்ததைப் பற்றியே நான் எழுதியிருந்தேன். கேட்டதைப் பற்றி ஒரு வரி கூட எழுதவில்லை. அவர் யாரிடம் கேட்டார்? தாயும் சீடனும் அருகில் நின்றார்கள், ஆனால் அவர்கள் கையில் ஒன்றும் இல்லை. பாத்திரம் இருந்தது காவலர்களிடம். தமக்கு ஆணி அடித்தவர்களிடம் அவர் தண்ணீர் கேட்டார். நானோ பக்கத்து அறையில் படுக்கிற மாமியிடம் ஒரு வார்த்தை கேட்க முடியாமல், அதை இயேசுவின் பாடுகளில் பங்கு என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

இதையெல்லாம் இப்படி ஒழுங்காக யோசித்தேன் என்று சொல்லமாட்டேன். தலை சுற்றியது. பீடத்தின் விளிம்பைப் பிடித்தேன். ஒலிவாங்கி திறந்தே இருந்தது.

"எனக்குக் கொஞ்சம் தண்ணி தாங்க," என்றேன்.

யாரும் அசையவில்லை. அதிபர் போதகரைப் பார்த்தார். போதகர் எழும்பலாமா என்று அரைவாசி எழும்பினார். மூன்று மணிக்கு முன் அந்தக் கட்டடத்துக்குள் யாரும் எதுவும் குடித்ததை அவர்களில் எவரும் கண்டதில்லை. கணவர் பாடகர் குழுவிலிருந்து இறங்கி வருவதற்குள், பக்கக் கதவால் மாமி வந்தார். இடுப்பில் அழுகிற பிள்ளை, கையில் போத்தல். செருப்பைக் கழற்றவும் மறந்து பீடத்துப் படியில் ஏறி, பல்லாலேயே மூடியைத் திருகி, "மெல்லமாக் குடி. மடமட எண்டு குடியாத," என்றார். அதுவும் ஒலிவாங்கியில் கேட்டது.

குடித்தேன். எழுதி வந்ததை அதன் பிறகு வாசிக்க முடியவில்லை. அவர் கேட்டார், அதனால் கேட்பது பாவமில்லை என்று நினைக்கிறேன், என்று மட்டும் சொன்னதாக ஞாபகம். கணவர் நான் வேறு இரண்டு வசனமும் சொன்னேன் என்கிறார். அவை எனக்கு நினைவில்லை. பாடகர் குழு பாட்டைத் தொடங்கியது. நான் இறங்கிப் பக்கக் கதவால் வெளியே போய் வேம்பின் கீழ் இருந்து பிள்ளைக்குப் பால் கொடுக்க முயன்றேன். மெதுவாக வந்தது.

மூன்று மணிக்குப் பிறகு மண்டபத்தில் கஞ்சி. எங்கள் சபையில் பெரிய வெள்ளி உபவாசத்தை எல்லோரும் ஒன்றாக, தேங்காய்ப்பாலும் பயறும் போட்ட அந்தக் கஞ்சியில்தான் முடிப்பது. வரிசையில் நின்றபோது, இந்த ஆராதனையில் பலமுறை பேசியிருக்கிற ஒரு மூத்த பெண் என் தட்டில் சம்பலை வைத்துக்கொண்டே, "ஏன்கா, மூணு மணி மட்டும் பொறுக்க ஏலாமப் போச்சோ?" என்றார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார். ஆனாலும் பக்கத்தில் நின்றவர்கள் கரண்டியை நிறுத்தினார்கள்.

மாமி எனக்குப் பின்னால் நின்றார். "அவர் கேட்டார், அங்க நிண்ட ஒருத்தன் காடி குடுத்தான். இவ கேட்டா, நான் தேசிக்காய்த் தண்ணி குடுத்தன். இதில உங்களுக்கு எங்ககா குறைஞ்சது? கஞ்சியை ஊத்துங்க, ஆறுது."

அந்தப் பெண் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். "உன்ர மாமியையே அடுத்த வருசம் பேச வைக்கலாம்," என்று என் தட்டில் இன்னொரு கரண்டி ஊற்றினார்.

தண்ணீர் கேட்டது ஒரு பெரிய காரியமில்லை. அதைவிடப் பெரியது மிச்சம் இருந்தது. மண்டபத்துப் பின்பக்கம், வாவியைப் பார்த்த மாதிரி இரண்டு கதிரையைப் போட்டுக்கொண்டு நானும் மாமியும் கஞ்சி குடித்தோம். கணவர் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே யாருக்கோ காட்டிக்கொண்டிருந்தார். இப்போது சொல்லாவிட்டால், வீட்டுக்குப் போனால் திரும்பவும் "ஓம், ஓம்" என்றுதான் வரும் என்று எனக்குத் தெரிந்தது.

"மாமி, எனக்கு ஏலாம இருக்கு."

"என்ன, திரும்பத் தலை சுத்துதோ?"

"இல்லை. பிள்ளையோட. எனக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கிணத்தடிக்கு வரப் பயம். என்ர கையாலயே ஏதும் நடந்துடும் எண்டு பயம். இரவில கண் மூட ஏலாது. பிள்ளை பிறந்ததில இருந்து."

மாமி கரண்டியைத் தட்டில் வைத்தார். என்ன வரப்போகிறது என்று நான் ஒவ்வொன்றாக ஊகித்துவிட்டேன். ஜெபம் போதாது என்பார். என் மகனிடம் சொல்கிறேன் என்பார். பிள்ளையை இனி என்னிடம் தரமாட்டார்.

"அதுக்கோ குசினிக்குள்ள வச்சுக் குளிப்பாட்டினாய்?" என்றார் கடைசியில்.

"ஓம்."

"நான் என்ன நினைச்சன் தெரியுமா? நான் தொட்டா உனக்குப் பிடிக்கல்ல எண்டு. ஒவ்வொரு நாளும் வெந்நி வச்சு, ஒவ்வொரு நாளும் ஊத்தினன். இவளுக்கு நான் படிக்காதவள், என்ர கை அழுக்கு எண்டு." அவர் குரல் உடைந்தது. உடனே அதைக் கோபமாக மாற்றிக்கொண்டார். "வாயைத் திறந்து சொன்னாத்தானே தெரியும். எனக்கென்ன தேவதூதன் வந்து சொல்லுவாரோ?"

நான் அழுதேன். அவரும் அழுதார் என்று நினைக்கிறேன், முகத்தை வாவிப் பக்கம் திருப்பியிருந்தார். உன் பயம் பொய் என்றோ, விசுவாசம் இல்லாததால் வந்தது என்றோ அவர் சொல்லவில்லை. அப்படி யாரும் சொல்லிவிடுவார்கள் என்றுதான் இவ்வளவு நாளும் வாயை மூடியிருந்தேன். "சரி, குளிப்பாட்டுறது இனி என்ர வேலை. நீ அந்த நேரம் படு," என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அந்த மிட்வைஃப் புள்ள நித்திரை வருதா எண்டு கேட்டதே, அவக்குச் சொல்லுவம்," என்றார்.

திங்கட்கிழமை சொன்னோம். மிட்வைஃப் ஆச்சரியப்படவில்லை. பிள்ளை பெற்ற பெண்களில் எத்தனையோ பேருக்கு இது வருகிறது, இதற்கு டொக்டர் இருக்கிறார், வெட்கப்பட ஒன்றுமில்லை என்று சொல்லி, ஆஸ்பத்திரியில் எந்த அறைக்கு, எந்த நாள் போக வேண்டும் என்றும் சொன்னார்.

அந்தப் பயம் ஒரு நாளில் போய்விடவில்லை. இதை எழுதுகிற இந்நாட்களிலும் பாலத்தின் மேல் போனால் என் கை இறுகும். ஈஸ்டர் காலையில் எல்லோரும் உயிர்த்தெழுந்தார் என்று பாடியபோது நான் பாதிப் பாட்டில் பிள்ளையின் மூக்கின் கீழ் விரல் வைத்திருந்தேன். ஆனால் அவருடைய பாடுகளைப் பற்றி நான் நினைக்கிற விதம் மாறிவிட்டது. முன்பு அவற்றை ஒரு பரீட்சை மாதிரிப் பார்த்தேன். அவர் சித்தியடைந்தார், நான் எத்தனை புள்ளி வாங்குவேன் என்று. இப்போது அந்த வரலாற்றை வாசித்தால் வேறு இடங்கள் கண்ணில் படுகின்றன. தோட்டத்தில் பயந்து, என்னோடு விழித்திருங்கள் என்று நண்பர்களைக் கெஞ்சுகிறார். அவர்கள் தூங்கிவிடுகிறார்கள். அவர் திரும்பவும் போய்க் கேட்கிறார். வழியில் சிலுவையைத் தூக்க இன்னொருவனின் தோள் வேண்டியிருந்தது. கடவுளின் பிள்ளைக்கே அது வேண்டியிருந்தது என்றால், எனக்கு வேண்டாம் என்று எந்த நியாயத்தில் சொன்னேன்? அவர் நம்மைப் போலப் பாடுபட்டார் என்று பிரசங்கங்களில் கேட்டிருக்கிறேன். நம்மைப் போல உதவியும் கேட்டார் என்பதை யாராவது சொல்லியிருக்கலாம். சொல்லியும் இருப்பார்கள். நான் கேட்டிருக்கமாட்டேன்.

ஆஸ்பத்திரிக்கு மாமியும் வந்தார். டொக்டர் இளம் பெண், என் வயதுதான் இருக்கும். நிறைய விஷயங்கள் கேட்டார். பிள்ளைக்கு ஏதாவது செய்துவிடலாம் என்று எப்போதாவது நினைத்தீர்களா என்றும் கேட்டார். அந்தக் கேள்வியை ஒருவர் இவ்வளவு சாதாரணமான குரலில் கேட்க முடியும் என்பதே எனக்கு ஆறுதலாக இருந்தது. நினைக்கவில்லை, நடந்துவிடும் என்றுதான் பயம், என்றேன். அவருக்கு அந்த வித்தியாசம் தெரிந்திருந்தது. பால் கொடுக்கிறவர்கள் எடுக்கக்கூடிய மாத்திரை இருக்கிறது என்றார். எனக்கு உடனே, மாத்திரை எடுப்பது நம்பிக்கைக் குறைவா என்று ஒரு யோசனை ஓடியது. ஓடட்டும் என்று விட்டேன்.

"வீட்டில உங்களுக்கு உதவிக்கு யார் இருக்காங்க?" என்று கேட்டார்.

எத்தனையோ பேர் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள். நானே பார்த்துக்கொள்வேன் என்பதுதான் எப்போதும் என் பதில். கதவுக்கு வெளியே மாமியின் குரல் கேட்டது. பிள்ளைக்கு மேல் மின்விசிறி நேரே அடிக்கிறது என்று யாரையோ ஏசிக்கொண்டிருந்தார்.

"மாமி இருக்கிறா," என்றேன். "உள்ளுக்குக் கூப்பிடட்டா?"